ஒரே தோளில் ஒரு சபை: பொன்னமராவதி வட்டாரத்துப் போதகர்களை முன்வைத்து

பொன்னமராவதி வட்டாரத்துச் சிறு சபைப் போதகர் ஒருவரின் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையோடு முடிவதில்லை. பேரூரில் ஆசீர்வாதம் கூறிய கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கிராமத்துக்குப் போயாக வேண்டும். அங்கே சில குடும்பங்கள் பாய் விரித்துக் காத்திருக்கும். பிரசங்கம் செய்பவர் அவர், பாட்டைத் தொடங்குபவரும் பல நேரம் அவரே. வார நாட்களில் ஆஸ்பத்திரி சந்திப்பு, அடக்க ஆராதனை, கல்யாணப் பேச்சு, கட்டட வேலைக்குச் செங்கல் இறக்குவது, கணக்கு எழுதுவது, தகராறென்றால் காவல் நிலையத்தில் போய் நிற்பது. இத்தனையும் ஒரே ஆள் தலையில்.

இவரை மனதில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டி நூல் அபூர்வம். சபைத் தலைமை பற்றிக் கடைகளில் கிடைக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் பெரும் நகரச் சபையையும், சம்பளத்துக்கு ஆள் வைக்கும் வசதியையும் கணக்கில் கொண்டே பேசுகின்றன. கண்மாய்ப் பாசனமும் கடலைச் சாகுபடியும் சிங்கப்பூர், வளைகுடாச் சம்பாத்தியமுமாக வாழும் ஊர்களில், சுற்றிலும் வேறு சமயத்தார் நிறைந்திருக்க, சிறுபான்மையாகக் கூடும் சபையை எப்படி நடத்துவது? இந்தக் கேள்விக்கு இம்மண்ணின் திருச்சபை வரலாறு என்ன விடை வைத்திருக்கிறது, சட்டம் என்ன கேட்கிறது, ஊர் நிலவரம் எதை வற்புறுத்துகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை, பணம், அதிகாரம் மூன்றும் ஒரே மனிதரிடம் சேர்ந்துவிட்ட சபைக்கு அந்த மனிதர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆபத்துதான். அவருக்கும் ஆபத்து.

வரலாற்றிலிருந்து தொடங்கலாம். ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்ததிலிருந்து வளர்ந்த மதுரை மிஷன், பொன்னமராவதி அடங்கிய இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளும் வேர்விட்டது. விராலிமலைப் பக்கம் உள்ள ஆவூரில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூஷே அடிகளார் பணியாற்றினார். வீரமாமுனிவரும் அங்கே பணி செய்திருக்கிறார். 1747-இல் எழுந்த ஆலயமும் ஈஸ்டர் காலத் தேர்த்திருவிழாவும் இன்றும் ஆவூருக்குப் பெயர் சேர்க்கின்றன. அந்தக் காலத்துக் குரு ஒருவருக்குப் பல நாள் நடைத் தொலைவுக்குக் கிராமங்கள் சிதறிக் கிடந்தன. ஆண்டில் சில நாள் அவர் முகம் தெரிந்தாலே ஒரு கிராமத்துக்குப் பெரிது. மற்ற நாட்களில் செபம் சொல்லிக்கொடுத்தவர், சாகக் கிடந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், சண்டையை விலக்கியவர் உபதேசியார்தான். 1693-இல் ஓரியூரில் அம்மிஷனின் குரு அருளானந்தர் தலை வெட்டப்பட்ட பிறகும் மறவர் சீமையில் சபை அழியாமல் நின்றதில் உபதேசியார்களுக்குப் பெரும் பங்குண்டு. குருவை நீக்கினாலும் சபை நின்றது, ஏனென்றால் அது குரு ஒருவரை மட்டும் நம்பி இருக்கவில்லை.

சீர்திருத்த சபைகளின் கதையும் வெகு தூரம் விலகியதல்ல. சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழரான ஆரோன் குருப்பட்டம் பெற்றது 1733 டிசம்பரில். இடையில் ஓடியவை 27 ஆண்டுகள். அதன் பிறகும் எண்ணிக்கை மெல்லத்தான் கூடியது. நெல்லையில் மிஷனரி ரேனியஸ் 1820 முதல் வேகமாகச் சபைகளைக் கட்டியபோதும் களத்தில் நின்றவர்கள் உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களுமே. அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளியை ஏற்படுத்தி, பிறகு அதைப் பசுமலைக்குக் கொண்டுவந்தது. ஆட்களைத் தயார்செய்யாமல் கிராம ஊழியம் நடக்காது என்பதை எல்லா மிஷன்களும் சீக்கிரமே கண்டுகொண்டன.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் நடந்த உபதேசியாருக்குக் கிடைத்தது சொற்பச் சம்பளம்; முடிவெடுத்தது வெளிநாட்டு மிஷனரி. வேலை பகிரப்பட்டது, அதிகாரம் பகிரப்படவில்லை. இந்தக் குறையை உரக்கச் சொன்ன தமிழர் வே. ச. அசரியா. அவர் முன்னின்று 1903 பிப்ரவரி 12-இல் தொடங்கிய நெல்லை இந்திய மிஷனரி சங்கம், இந்தியப் பணத்தில் இந்தியர் நிர்வாகத்தில் நடந்தது. 1910-இல் எடின்பரோ மாநாட்டில் மிஷனரிகளிடம் அவர் கேட்டது நன்கொடையை அல்ல, சமமான நட்பை. 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார்.

அவர் கேட்ட அதிகாரம் நம் கைக்கு வந்தது. 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும், 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையும் அமைந்தன. இன்று நிலைமை தலைகீழ். பல சேகரங்களில் கமிட்டிப் பதவிக்குப் போட்டி பலமாக இருக்கிறது. வியாதிக்காரரைப் போய்ப் பார்க்கவும் ஞாயிறு பள்ளி எடுக்கவும் ஆள் இல்லை. திருமண்டலத் தேர்தல் வழக்குகள் நீதிமன்றப் படியேறுவது செய்தியாகக்கூட வியப்பளிப்பதில்லை. அதிகாரத்தைப் பங்குபோடக் கற்ற நாம் வேலையைப் பங்குபோட மறந்துவிட்டோம்.

இந்த வட்டாரத்தில் காணும் சபை அமைப்புகள் மூன்று வகை. ஒவ்வொன்றின் நோவும் வேறு. சி.எஸ்.ஐ., லுத்தரன் போதகர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார். அதனால் எந்த வேலையும் வேர்பிடிப்பதில்லை. வருகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார். கத்தோலிக்கப் பங்கில் பங்குப்பேரவையும் அன்பியங்களும் உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 537-ஆம் பிரிவு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. ஏட்டில் இருக்கும் அந்தக் குழு கூடுகிறதா என்பதுதான் கேள்வி. மூன்றாவது, சுயாதீனச் சபை. போதகர் தம் ஜெபத்தாலும் கைக்காசாலும் தொடங்கியது. அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். பலர் பசியோடு ஊழியம் செய்தவர்கள். ஆனால் அவரைக் கேள்வி கேட்க அங்கே யாரும் இல்லை, அவர் களைத்தால் தாங்கவும் யாரும் இல்லை.

பணத்தைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். போதகர் மீது வரும் பழிகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. காணிக்கையை ஆராதனை முடிந்ததும் அங்கேயே, குடும்ப உறவில்லாத இரண்டு பேர் எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். போதகர் அந்தப் பணத்தைத் தொடவே கூடாது. வங்கிக் கணக்கு சபையின் பெயரில், இரட்டைக் கையெழுத்தில் இருக்கட்டும். மாதக் கணக்கைத் தமிழில், எல்லோருக்கும் புரியும்படி எழுதி ஆலயப் பலகையில் ஒட்டுங்கள். போதகருக்கு மாதம் இவ்வளவு என்று சபை கூடி நிர்ணயிக்கட்டும், அது சிறு தொகையானாலும் சரி. மிச்சமிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற ஏற்பாடு கௌரவமாகத் தோன்றும். உண்மையில் அது போதகரைச் சந்தேகத்துக்குக் கையளிக்கும் ஏற்பாடு.

நிலம் இன்னும் பெரிய சிக்கல். அவசரத்துக்குப் போதகர் பெயரிலேயே பத்திரம் பதிந்துவிடுகிறார்கள். அவர் காலமானால் அது சட்டப்படி அவருடைய வாரிசுகளின் சொத்து. சபை வாசலில் நிற்க வேண்டியதுதான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழோ அறக்கட்டளையாகவோ சபையைப் பதிந்து, நிலத்தை அந்த அமைப்பின் பெயரில் வாங்குவதே முறை. ஏற்கெனவே தம் பெயரில் பதிந்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றி எழுதிவிடுவது அவர் தம் பிள்ளைகளுக்கும் சபைக்கும் செய்யும் பேருதவி.

வெளிநாட்டுப் பணத்தில் இந்த வட்டாரத்துப் போதகர்கள் அறியாமல் சட்டம் மீறக்கூடிய இடம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளை இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவராக இருந்து, தம் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் காணிக்கை அனுப்பினால், அது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படுவதில்லை. அவரே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் அவர் தருவது வெளிநாட்டு நிதி. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைப் பெற முடியாது. 2020 திருத்தத்துக்குப் பின், அத்தகைய பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். பாசத்தோடு வரும் பணமானாலும் அனுப்புகிறவரின் குடியுரிமையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பது பணத்தோடு முடியும் விஷயமல்ல. கணவர் வளைகுடாவில், மாமியார் படுக்கையில், இரண்டு பிள்ளைகள் பள்ளியில் என்றிருக்கும் வீட்டுப் பெண்ணுக்குப் போதகரின் சந்திப்பு மிகவும் தேவை. ஆனால் போதகர் தனியாகப் போய் உட்கார்ந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. இதற்குப் பழைய விடை ஒன்று இருக்கிறது: வீடு வீடாகப் போன வேதாகமப் பெண்கள். அவர்களை இன்றைய சபை மீண்டும் எழுப்ப வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து நால்வரைத் தேர்ந்து, நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எதை வெளியே சொல்லக் கூடாது, எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்று முறையாகப் பயிற்றுவித்து அனுப்பலாம். பெண்களால் முடியுமா என்று கேட்கும் மூப்பர்களுக்கு இம்மாவட்டமே பதில். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது எழுத்தோடு சேர்ந்து சைக்கிளும் கற்றுக்கொண்டு சாலைக்கு வந்த புதுக்கோட்டைப் பெண்களை நாடே திரும்பிப் பார்த்தது. அப்போது கேலி பேசியவர்களும் உண்டு. தென்னிந்தியத் திருச்சபை 2013-இல் புஷ்ப லலிதா அவர்களைப் பேராயராக்கியிருக்க, கிராமச் சபையில் ஒரு பெண் வேதம் வாசிப்பதற்கே தயங்குவது நியாயமில்லை.

வீட்டுச் சந்திப்பைப் பற்றி உலகத் திருச்சபை எழுதியவற்றில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் 1656-இல் வெளியிட்ட நூல் இன்றும் பேசப்படுகிறது. கிடர்மின்ஸ்டர் ஊரில் ஏறத்தாழ 800 குடும்பங்களைத் தம் உதவியாளரோடு சேர்ந்து, வாரத்தில் இரு நாள் ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு முறையாவது தனித்தனியே சந்தித்தார் அவர். நம் போதகரிடம் இருப்பது அதில் சிறு பங்கு. ஒரு நோட்டில் குடும்பங்களை வரிசையாக எழுதி, சந்தித்த தேதியைக் குறித்துவந்தால், எந்தத் தெருவுக்கு நாம் போகவே இல்லை என்பதைத் தேதிகளே காட்டிக்கொடுக்கும். போகாத தெரு எது என்று பார்த்தால் பெரும்பாலும் அதில் சாதியும் வறுமையும் தெரியும்.

அந்தச் சாதியைத் தாண்டிப் போதகத் தலைமையைப் பேச முடியாது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சைச் சபைகள் கொந்தளித்தன. முந்தைய தலைமுறையில் ஷ்வார்ட்ஸ் போன்ற பெரியவர்களே தனித்தனி இருக்கைகளைப் பொறுத்துப்போயிருந்தார்கள். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பகுதியாகப் பிரித்த சுவர் 1910-வாக்கில் இடிக்கப்பட, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2008-இல் எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே மூண்ட சாதி மோதலில், காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். நம் பக்கத்திலேயே, 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலையொட்டி, ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய வாட்ஸ்அப் ஆடியோ பரவிப் பொன்னமராவதியில் வன்முறை வெடித்தது. 144 தடை உத்தரவு போடப்பட்டது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. இவை நடக்கும் மாவட்டத்தில் சாதியைத் தொடாத பிரசங்கம் கோழைத்தனம்.

பிரசங்கம் மட்டும் போதாது. அசனத்தில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள் என்பதைப் போதகர் கவனித்து மாற்ற வேண்டும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் சமைத்து எல்லோரும் உண்பதையே வழிபாட்டின் மையமாகப் பேசினார். கிராமத்து மெட்டில் வழிபாட்டுப் பாடல்களும் இயற்றினார். கல்லறைத் தோட்டத்தில் குடும்ப வாரியாக இடம் பிடிப்பதை நிறுத்தி, இறந்த தேதி வரிசையில் அடக்கம் செய்யும் விதியைச் சபைக் கூட்டத்தில் நிறைவேற்றலாம். கமிட்டியில் எல்லாத் தெருக்காரரும் இருக்க வேண்டும். ஊரில் வதந்தி கிளம்பும் நாளில் சபை வாட்ஸ்அப் குழுவைப் போதகர் உடனே பூட்டிவிட்டு, வாலிபர்களை நேரில் அழைத்துப் பேச வேண்டும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவத்துக்கு வந்த தலித்துகளுக்குப் பட்டியல் இனத் தகுதி இல்லை. அந்த அநீதியைச் சுமக்கும் குடும்பம் பிள்ளையின் படிப்புக்காகத் தயங்கும்போது மேடையிலிருந்து குத்திக்காட்டுவது போதகருக்கு அழகல்ல.

சிறுவர் பாதுகாப்பில் எந்தச் சலுகையும் கிடையாது. போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவின்படி, சிறுவர் மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. போதகருக்கு என்று தனி விலக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. குடும்ப மானம், சபைப் பெயர் என்று சொல்லிச் சமரசம் பேசுகிறவர் குற்றவாளிக்கு உதவுகிறார். ஞாயிறு பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது. 1098 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

திருமணத்திலும் அசட்டை கூடாது. இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872 யார் மணம் முடித்துவைக்கலாம் என்று வரையறுக்கிறது. பேராயர் வழி அருட்பொழிவோ அரசு உரிமமோ இல்லாதவர் நடத்திவைத்தால் கடும் தண்டனைக்கு இடமுண்டு. சுயாதீனப் போதகர்கள் பலர் இதை அறியாமலே நடத்துகிறார்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்ததற்கான சான்றைக் கண்ணால் பார்க்காமல் ஓலை வாசிக்காதீர்கள். குழந்தைத் திருமணத்தை நடத்திவைப்பவரும் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றவாளியே. 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யுமாறு தம்பதியருக்கு நினைவூட்டுங்கள்.

அண்டை அயலாரோடு உறவு, சட்டத்துக்கும் முந்தியது. கொன்னையூர் முத்துமாரியம்மன் கோயில் பூச்சொரிதலும் பங்குனித் திருவிழாவும் நடக்கும் நாட்கள் பெரும்பாலும் நம் லெந்து காலத்தோடு ஒட்டி வரும். கூட்டங்களின் நாளையும் ஊர்வலப் பாதையையும் முன்கூட்டியே ஊர்ப் பெரியவர்களோடு பேசிக்கொள்ளும் போதகருக்குப் பாதித் தொல்லை குறையும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். அதைப் பெறாமல் வீடு என்று சொல்லி ஆலயம் கட்டுவது நாளைய பூட்டுக்கு இன்றே சாவி கொடுப்பது. கஜா புயல் 2018 நவம்பரில் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைப் புரட்டியது போன்ற துன்ப நாளில் சமயம் பாராமல் முதலில் போய் நிற்கும் சபையைப் பற்றி ஊர் நல்லபடியாகவே நினைக்கும்.

இனிப் போதகரின் சொந்த வாழ்க்கை. மோசே காலையிலிருந்து மாலைவரை ஒருவராகவே நியாயம் விசாரித்ததைப் பார்த்த மாமனார் எத்திரோ, இது உன்னையும் ஜனங்களையும் சேர்த்துக் களைப்பிக்கும் என்று கண்டித்து, பொறுப்பைப் பிரிக்கச் சொன்ன கதையைப் போதகர்கள் பிரசங்கிக்கிறார்கள், தங்களுக்குப் பொருத்திக்கொள்வதில்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கவனிப்பாரற்று ஐம்பதில் படுத்துவிடும் போதகர்கள் அதிகம். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை இரண்டையும் சபையே வற்புறுத்த வேண்டும். போதகரின் மனைவியான ஐயரம்மாவைச் சம்பளமில்லாத இரண்டாவது ஊழியராக நடத்துவதும் நிற்க வேண்டும். உபதேசியார்களுக்கும் தேவாலயப் பணியாளர்களுக்கும் தமிழக அரசின் நலவாரியம் இருக்கிறது. மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரித்து உறுப்பினராகச் சேருங்கள். பக்கத்து ஊர்ப் போதகர்கள், சபைப் பிரிவு பாராமல், மாதம் ஒரு முறை கூடி மனம்விட்டுப் பேசுவதும் ஒரு மருந்து.

அடுத்தவர் யார் என்ற கேள்வியைச் சுயாதீனச் சபைகள் தள்ளிப்போட்டுக்கொண்டே போகின்றன. மகனுக்கு அழைப்பு இருக்கலாம்; இருந்தால் அதைச் சபை சோதித்துச் சொல்லட்டும். அப்பா பெயர் சொல்லி நாற்காலியில் உட்காருவது போதகத் தலைமை ஆகாது. அறுபதை நெருங்கும் போதகர் இரண்டு மூன்று பேரையாவது பிரசங்கிக்கவும் சந்திக்கவும் கணக்குப் பார்க்கவும் பழக்கியிருக்க வேண்டும்.

கடைசியாக, திருமண்டலங்களுக்கும் சுயாதீனச் சபைச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இறையியல் கல்லூரியை இப்போதுதான் முடித்த இளைஞரைப் பொன்னமராவதி போன்ற இடத்துக்குத் தனியாக அனுப்பாதீர்கள். முதல் இரண்டு ஆண்டு ஒரு மூத்த போதகரையும், உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆண், பெண் உபதேசியார்களையும் அவரோடு சேர்த்துவிடுங்கள். அவர்களுக்கு வண்டிச் செலவும் மரியாதையான சம்பளமும் கொடுங்கள். விசுவாசிகளே, உங்கள் போதகரிடம் இந்த வாரமே போய், அவர் தோளிலுள்ள வேலைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.